சோப்புக் காய்ச்சும் முன் தண்ணீரைப் பாருங்கள்

துணி சோப்பை வீட்டிலேயே செய்துகொண்டால் செலவு குறையும் என்று சென்ற இதழில் ஒரு வாசகிக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. நான்கு வரியில் முடித்திருக்கக் கூடாத விஷயம் அது என்பது அவற்றைப் பிரித்தபோது புரிந்தது. சிலர் காஸ்டிக் சோடாவை, அதாவது எண்ணெயைச் சோப்பாக மாற்றும் கடுமையான காரத்தை, வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கடிதங்கள் என்னைக் கவலைப்பட வைத்தன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதும் சோப்புக்கே.

கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் 26 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவள் நான். வீட்டில் சோப்புச் செய்யத் தொடங்கி 17 ஆண்டுகள் ஆகின்றன. எதை எத்தனை கிராம் சேர்த்தேன், எத்தனை நாள் காயவிட்டேன், துணி எப்படி வெளுத்தது என்று ஒவ்வொரு தடவையும் நோட்டில் எழுதிவைப்பது வழக்கம். கீழே உள்ள பதில்களை அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். துணி மூட்டை தினமும் சேர்கிறது. சோப்பை நாமே செய்தால் உண்மையிலேயே பணம் மிச்சமாகுமா அம்மா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
– ஒரு குடும்பத் தலைவி

பதில்: எண்ணெய் உங்களுக்கு எங்கிருந்து வருகிறது, தண்ணீர் எப்படிப்பட்டது, கையால் துவைக்கிறீர்களா மெஷினிலா, இந்த மூன்றும் தெரியாமல் யாரும் "ஆமாம்" என்று சொல்லிவிட முடியாது சகோதரி. கடையில் புது எண்ணெய் வாங்கி, உப்புத் தண்ணீரில், மெஷினில் துவைப்பவருக்கு மிச்சம் எதுவும் இராது. நஷ்டம்கூட வரலாம். பயன்படுத்திய எண்ணெய் வீட்டில் சேர்கிறது, தண்ணீர் மென்மையானது, கையால் துவைக்கிறார் என்றால் அவருக்கு நல்ல மிச்சம்.

முதல் ஆண்டில் எனக்கு எதுவும் மிஞ்சவில்லை. தராசு, கையுறை, கண்ணாடி, தனிப் பாத்திரங்கள் என்று செலவு ஆனது. இரண்டு தடவை செய்தது சரியாக வராமல் வீணானது. நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது மனம் சோர்ந்துபோனது. பயன்படுத்திய எண்ணெயைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்ட இரண்டாம் ஆண்டிலிருந்துதான் கணக்கு என் பக்கம் திரும்பியது.

நீங்களும் கணக்குப் போடுங்கள். ஆனால் கட்டியின் எடையை வைத்துப் போட வேண்டாம். பலர் ஏமாறும் இடம் அதுதான். ஒரு கிலோ தேங்காய் எண்ணெயோடு 180 கிராம் காஸ்டிக் சோடாவும் 360 கிராம் தண்ணீரும் சேர்த்தால் 1,540 கிராம் கையில் வருகிறது. "ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒன்றரைக் கிலோ சோப்பு" என்று மகிழ்ச்சி தோன்றும். அதில் உண்மையான சோப்பு ஒரு கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சுமார் 140 கிராம் கிளிசரின். மற்றது பெரும்பாலும் தண்ணீர். காயக் காய அது போய்விடும்.

சரியான கணக்கு, ஒரு துவைப்புக்கு என்ன ஆகிறது என்பது. இப்போது வாங்கும் சோப்புத்தூள் பையில் தேதியை எழுதிவையுங்கள். அது தீரும் வரை எத்தனை முறை துவைத்தீர்கள் என்று சுவரில் கோடு போட்டு வாருங்கள். பையின் விலையை அந்த எண்ணால் வகுத்துவிடுங்கள். வீட்டு சோப்புக்கும் இதே போல: எண்ணெய், காஸ்டிக் சோடா, சலவைச் சோடா, அடுப்புச் செலவு, கூடுதலாக அலச ஆகும் தண்ணீர் எல்லாவற்றையும் கூட்டி, துவைத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்னிடம் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது.

கேள்வி: எங்கள் தண்ணீரில் குளியல் சோப்பே நுரைக்காது. துணிக்கு மட்டும் வீட்டு சோப்பு எப்படி நுரைக்கும்?
– ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பி இருப்பவர்

பதில்: வந்த கடிதங்களிலேயே இதைத்தான் முதலில் வைத்துப் பேச வேண்டும் என்று நினைத்தேன் ஐயா. எண்ணெயைப் பற்றியும் வாசனையைப் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

கடின நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. சோப்பு அவற்றோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பிசுக்காக மாறிவிடும். பக்கெட் ஓரத்தில் வளையமாக ஒட்டியிருக்கிறதே, அந்தச் சாம்பல் நிறப் படிவு அதுதான். தண்ணீரில் உள்ள உப்பு முழுவதும் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே, மிஞ்சிய சோப்பு அழுக்கின் பக்கம் வரும்.

எவ்வளவு எடுத்துக்கொள்கிறது தெரியுமா? லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். பத்து லிட்டர் பக்கெட்டில் அது 3 கிராம். ஒரு கிராம் கடினத்தன்மை, எந்த எண்ணெய்ச் சோப்பு என்பதைப் பொறுத்து, நாலரை முதல் ஆறு கிராம் சோப்பைத் தின்றுவிடும். ஆக, ஒரு துணிகூட நனைவதற்கு முன்பே பக்கெட்டுக்கு 14 முதல் 18 கிராம் சோப்பு போயிற்று. அலசும் பக்கெட்டிலும் இதே கதை நடக்கிறது. அங்கே துணியின் இழைகளுக்குள் தங்கியிருக்கும் சோப்பு அப்படியே பிசுக்காக மாறி இழையிலேயே படிகிறது.

உங்கள் தண்ணீரைச் சோதிக்க எதுவும் வாங்க வேண்டாம். மூடி போட்ட இரண்டு கண்ணாடிப் பாட்டில்களை எடுங்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் மழைத் தண்ணீர் அல்லது காய்ச்சி வடித்த நீர், இரண்டிலும் கால் பாட்டில் அளவு. சோப்புக் கட்டியிலிருந்து சுரண்டிய சீவலைச் சம அளவாக இரண்டிலும் போட்டுக் குலுக்குங்கள். டிடர்ஜென்ட் கட்டி இதற்கு உதவாது. எண்ணெய்ச் சோப்பாக இருக்க வேண்டும். மழைத் தண்ணீரில் நுரை நிற்கும். குழாய்த் தண்ணீரில் நுரை நின்றால் பயமில்லை. நுரையே எழாமல் தண்ணீர் பால் போலக் கலங்கினால், வீட்டு சோப்பு உங்களுக்குத் தனியாகப் பயன்படாது. சலவைச் சோடா துணைக்கு வேண்டும்.

சலவைச் சோடா என்பது சோடியம் கார்பனேட். அது சோப்புக்கு முன்பே கால்சியத்தைப் பிடித்து வண்டலாக இறக்கிவிடும். மேலே சொன்ன பக்கெட்டுக்கு, கணக்கின்படி நீரற்ற சோடாத் தூள் 3.2 கிராம் போதும்; கொஞ்சம் தாராளமாக 5 கிராம் போடலாம். கண்ணாடிக் கற்கள் போன்ற படிகச் சோடா என்றால் அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், ஆகவே 10 கிராம் வேண்டும். முதலில் சோடா, பத்து நிமிடம் பொறுத்துச் சோப்பு. இந்த வரிசையை மாற்றினால், சோடா வந்து சேர்வதற்குள் சோப்பு பலியாகியிருக்கும். முதல் அலசல் தண்ணீரிலும் ஒரு சிட்டிகை சோடா போடுங்கள். இந்த ஒரு பழக்கம் மட்டுமே என் வீட்டு வெள்ளைத் துணிகளைக் காப்பாற்றியது.

லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டும் தண்ணீர் என்றால் வீட்டு சோப்பை விட்டுவிடுங்கள். அங்கே டிடர்ஜென்ட்தான் சிக்கனம். இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான், ஆனாலும் உண்மை அது.

கேள்வி: அளவுகளோடு செய்முறை வேண்டும். காஸ்டிக் சோடாவைக் கண்டால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.
– முதல் முறை செய்யப்போகும் வாசகி

பதில்: அந்தப் பயம் உங்களிடம் இருக்கட்டும். இருந்தால்தான் நல்லது.

தேவையானவை: 500 கிராம் தேங்காய் எண்ணெய், 90 கிராம் காஸ்டிக் சோடா, 180 கிராம் தண்ணீர். எல்லாவற்றையும் ஒரு கிராம் காட்டும் தராசில் நிறுத்துதான் எடுக்க வேண்டும். கரண்டிக் கணக்கும் டம்ளர் கணக்கும் இங்கே கூடாது. தண்ணீரையும் நான் நிறுத்தே எடுக்கிறேன். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும், அல்லது சூடு தாங்கும் கெட்டிப் பிளாஸ்டிக். அலுமினியம் மட்டும் வேண்டவே வேண்டாம். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், அது தீப்பற்றக்கூடியது. சாக்கடை அடைப்பு நீக்கும் பொடியையும் காஸ்டிக் சோடா என்று நம்பி வாங்கிவிடாதீர்கள், சிலவற்றில் அலுமினியத் துகள் கலந்திருக்கும்.

முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி. ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். தண்ணீரை முதலில் பாத்திரத்தில் ஊற்றி, காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாக அதில் தூவிக் கிளறுங்கள். தண்ணீரில் சோடா. சோடாவில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். சரியான முறையில் செய்தாலும் கரைசல் அடுப்பில்லாமலே கொதிநிலைக்கு அருகில் போகும், ஆவி கிளம்பும், முகத்தை அதன் மேல் நீட்டாதீர்கள். ஆறட்டும். எண்ணெய் உறைந்திருந்தால் உருக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் கை பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 40 டிகிரிக்கு வந்ததும், கரைசலை எண்ணெயில் மெல்லிய ஒழுக்காக ஊற்றிக் கிளறுங்கள். சூட்டைப் பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுத்தான் பார்க்க வேண்டும், கரைசலில் விரல் படக் கூடாது.

கிளறக் கிளறக் கலவை வெளுத்துக் கெட்டியாகும். கரண்டியைத் தூக்கிச் சொட்டவிட்டால், விழுந்த இழை மேற்பரப்பில் ஒரு கணம் கோடாக நிற்க வேண்டும். அதுதான் பதம். உடனே அச்சில் ஊற்றிவிடுங்கள். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு சில மணி நேரத்திலேயே கல்லாகிவிடும். மறுநாள் வெட்டலாம் என்று விட்டால் கத்தி வைத்த இடத்தில் உடைந்து சிதறும். கெட்டியான சூட்டோடு, கையுறை அணிந்தபடியே வெட்டுங்கள். நான்கு வாரம் காற்றோட்டமான இடத்தில் இடைவெளி விட்டு அடுக்கி உலரவையுங்கள்.

இதில் நான் கண்டிப்பாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. எண்ணெயை மாற்றினால் சோடாவின் அளவையும் மாற்ற வேண்டும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் 0.183 கிராம் காஸ்டிக் சோடாவைக் கேட்கும், பாமாயில் 0.141, சூரியகாந்தி எண்ணெய் 0.135 அளவில். ஒரே வகை எண்ணெயிலும் இந்த எண் கொஞ்சம் ஏறி இறங்கும் என்பதால்தான், 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 91.5 வரவேண்டிய இடத்தில் 90 என்று கொஞ்சம் குறைத்துக் கொடுத்திருக்கிறேன். இதே 90 கிராமைச் சூரியகாந்தி எண்ணெயில் போட்டால் என்ன ஆகும்? அதற்கு 67 கிராம்தான் தேவை. மீதி 23 கிராம் காஸ்டிக் சோடா கட்டிக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டியைப் பிடித்துத் துணி தேய்ப்பது உங்கள் கைதான்.

தோலில் தெறித்தால், நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். வினிகரைத் தேடி ஓடாதீர்கள். அமிலமும் காரமும் சேரும்போது சூடு கிளம்பும், தண்ணீருக்கான நேரமும் வீணாகும். கண்ணில் பட்டால் அதே போல் கழுவிவிட்டு உடனே மருத்துவமனை.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீடு. ஜாக்கிரதையாகச் செய்தால் செய்யலாம்தானே?
– ஓர் இளம் தந்தை

பதில்: வேண்டாம் தம்பி. காஸ்டிக் சோடா பார்க்கச் சர்க்கரை, உப்புச் செதில்கள் போல இருக்கும். கரைத்துவிட்டால் தண்ணீர் போலவே இருக்கும். விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாய் வெந்துபோகும். அந்தத் தழும்பு குழாயையே சுருக்கி, ஆண்டுக்கணக்கில் சிகிச்சை தேவைப்படலாம். நீங்கள் மிச்சம் பிடிக்கும் எந்தத் தொகையும் அதற்கு ஈடாகாது. குழந்தை வளர்ந்து, சொன்னதைப் புரிந்துகொள்ளும் வயது வரும் வரை காத்திருங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் பூட்டிய உயரமான இடத்தில், வந்த டப்பாவிலேயே வையுங்கள். குடிக்கும் பாட்டிலுக்கோ டம்ளருக்கோ ஒருபோதும் மாற்றாதீர்கள். எங்காவது யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. தொண்டை இரண்டாம் முறையும் வேகும். டப்பாவோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அதுவரை, காஸ்டிக் சோடாவே தொடாத வழி அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: கடையில் வாங்கிய கட்டி சோப்பைத் துருவி, சலவைச் சோடாவும் வெங்காரமும் (போராக்ஸ்) கலந்தால் டிடர்ஜென்ட் தயார் என்கிறார்களே, சரியா?
– ஒரு கல்லூரி மாணவி

பதில்: அது டிடர்ஜென்ட் இல்லை அம்மா. சோப்பும் சோடாவும் கலந்த தூள். நல்ல தூள்தான், ஆனால் பெயரை மாற்றிச் சொல்லும்போது எதிர்பார்ப்பும் மாறிவிடுகிறது. டிடர்ஜென்ட் வேறு வேதிப்பொருள். முதல் உலகப் போரில் ஜெர்மனியில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கொழுப்பில்லாமல் அழுக்கு நீக்கும் பொருளைத் தேடி, 1916 வாக்கில் அந்த வகையில் முதல் செயற்கைப் பொருளைச் செய்தார்கள். பிற்காலத்தில் வந்த டிடர்ஜென்ட்கள் கடின நீரில் பிசுக்காவதில்லை. அதுதான் அவற்றின் பெரிய வெற்றி. இன்றைய தூள்களில் பலவற்றில் கறையை உடைக்கும் நொதிகளும் (என்சைம்கள்) இருக்கின்றன. நொதியைச் சலவைக்குக் கொண்டுவந்தவர் ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். 1913-இல் விலங்குக் கணையத்திலிருந்து எடுத்த நொதியைப் பயன்படுத்தினார். நம் துருவல் தூளில் இவை எதுவும் கிடையாது. இரத்தக் கறைக்கும் வியர்வைக் கறைக்கும் நாம்தான் கூடுதலாக உழைக்க வேண்டும்: குளிர்ந்த நீரில் ஊறவை, சோப்பைக் கறை மேலேயே தேய், வெந்நீரைக் கிட்டே கொண்டுவராதே. சூடு பட்டால் இரத்தக் கறை இறுகிவிடும்.

நன்கு காய்ந்த சோப்புத் துருவல் இரண்டு பங்கு, நீரற்ற சலவைச் சோடா ஒரு பங்கு. என் அளவு இது. தண்ணீர் கடினமானால் சோடாவைச் சமபங்கு வரை கூட்டலாம். குளிர்ந்த தண்ணீரில் துருவல் கரையாது, கொஞ்சம் வெந்நீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். கையுறை போட்டுத் துவையுங்கள், சோடா தோலை வறட்டும்.

வெங்காரத்தை நான் பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டேன். இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யக்கூடியது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் அதை மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அது இல்லாமலும் துணி வெளுக்கிறது. பிறகு எதற்கு?

சலவைச் சோடா கிடைக்கவில்லை, சமையல் சோடாவைப் போடலாமா என்று இன்னொரு வாசகி கேட்டிருக்கிறார். இரண்டும் ஒன்றல்ல. சமையல் சோடாவின் காரத்தன்மை மிகக் குறைவு. ஆனால் அதை ஒரு தட்டில் பரப்பி, 200 டிகிரி சூட்டில் ஓவனில் ஒரு மணி நேரம் வைத்தால், தண்ணீரும் கரியமில வாயுவும் வெளியேறிச் சலவைச் சோடாவாகவே மாறிவிடும். 100 கிராம் வைத்தால் 63 கிராம் திரும்ப வரும். தட்டை ஆறியபின் நிறுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

கேள்வி: பயன்படுத்திய சமையல் எண்ணெயை என்ன செய்வது என்று தெரியவில்லை. நாற்றம் துணியில் ஏறாதா?
– இல்லத்தரசி

பதில்: சுத்தம் செய்தால் ஏறாது. முதலில் துணியில் வடிகட்டுங்கள். ஆறிய எண்ணெயும் அதே அளவு குளிர்ந்த தண்ணீரும் ஒரு கரண்டி உப்பும் பெரிய பாத்திரத்தில் ஒன்றாகச் சேர்த்து, சிறு தீயில் மெல்லச் சூடாக்கிப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். சூடான எண்ணெயில் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், பொங்கித் தீப்பிடிக்கும். இரவு முழுவதும் அசையாமல் வைத்தால் அழுக்குத் தண்ணீர் கீழே தங்கும், எண்ணெய் மேலே தெளியும். மேலே உள்ளதை மட்டும் எடுங்கள். அடியில் கரி நிறம் இருந்தால் இன்னொரு தடவை.

என்னென்ன எண்ணெய் கலந்தது என்று தெரியாவிட்டால், 500 கிராமுக்கு 65 கிராம் காஸ்டிக் சோடாவுக்கு மேல் போகாதீர்கள். சோடா குறைந்தால் சோப்பு கொஞ்சம் மென்மையாகும், அவ்வளவுதான். கூடினால் கை புண்ணாகும். தண்ணீர் 130 கிராம். இப்படிச் செய்த சோப்பு மட்டும் மென்மையாகவே இருக்கும், நுரையும் குறைவு, உலர ஆறு வாரமாவது வேண்டும். அதனால் நான் பாதிக்குப் பாதி தேங்காய் எண்ணெய் கலந்துவிடுகிறேன்: 250 கிராம் அது, 250 கிராம் இது, காஸ்டிக் சோடா 77 கிராம், தண்ணீர் 154 கிராம். என் நோட்டில் இந்தப் பக்கம்தான் எண்ணெய்க் கறை படிந்து கிழிந்துபோயிருக்கிறது. அத்தனை முறை புரட்டியிருக்கிறேன்.

இந்தச் சோப்பை மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் சேமித்துவைக்க வேண்டாம். ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றினால் உள்ளே மிஞ்சிய எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை எடுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தக் கட்டியைத் தரைத் துணிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: நான்கு மாதமாக வீட்டு சோப்புதான். இப்போது துவாலைகள் தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை, வெள்ளைச் சட்டைகள் சாம்பல் பூத்துவிட்டன. என்ன தவறு செய்தேன்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: எனக்கும் இது நடந்தது. நான் ஆசையாகச் சேர்த்துவைத்த ஆறு வெள்ளைத் துவாலைகள். முகம் துடைத்தால் ஈரம் முகத்திலேயே நின்றது. சோப்பு குறைவோ என்று நினைத்து இன்னும் அதிகமாகப் போட்டேன். அது மேலும் கெடுத்தது.

இழைகளில் படிந்திருப்பது நான் மேலே சொன்ன அதே கால்சியப் பிசுக்கு. பருத்தித் துணி என்றால் மீட்டுவிடலாம். ஒரு பக்கெட் வெந்நீரில் அரைக் கோப்பை வினிகர் கலந்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். அமிலம் கால்சியத்தைப் பிரித்துவிடும். கொழுப்பு மட்டும் இழையில் மிஞ்சும். நன்றாக அலசிவிட்டு, அடுத்ததாகச் சலவைச் சோடாவும் டிடர்ஜென்ட் தூளும் போட்ட வெந்நீரில் துவைத்தால் அந்தக் கொழுப்பும் வெளியேறும். தண்ணீர் கலங்கி வருவதை நீங்களே பார்க்கலாம். என் துவாலைகளுக்கு மூன்று தடவை செய்ய வேண்டியிருந்தது. வினிகர் இருக்கும் தண்ணீரில் சோப்பையோ பிளீச்சையோ சேர்க்காதீர்கள். சோப்பு உடைந்து கொழுப்பாகத் திரளும். பிளீச்சிலிருந்து குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைத் தாக்கும்.

துவாலைக்கும் குழந்தையின் துணி டயப்பருக்கும் இப்போது நான் டிடர்ஜென்ட்தான் பயன்படுத்துகிறேன். உறிஞ்ச வேண்டிய துணிக்கு வீட்டு சோப்பு ஏற்றதல்ல.

கேள்வி: வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்துப் போட்டால் சோப்பே தேவையில்லை என்கிறார்களே?

பதில்: இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. பொங்குவது கரியமில வாயு. மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். அதனால் அழுக்கு போகாது.

கேள்வி: முன்பக்கம் திறக்கும் மெஷினில் போடலாமா? பட்டு, கம்பளித் துணிகளுக்கு?

பதில்: முன்பக்க மெஷினில் நான் போடுவதில்லை. தண்ணீர் குறைவாக எடுக்கும் மெஷின் அது, அலசலும் சிக்கனம்தான். சோப்பு கரையாமல் குழாயிலும் தூள் போடும் டிராயரிலும் படியும்.

பட்டும் கம்பளியும் புரத இழைகள். காரம் அவற்றை அரிக்கும். வீட்டு சோப்பும் காரம், சலவைச் சோடா அதைவிடக் காரம். இரண்டையும் தள்ளிவையுங்கள். பூந்திக்கொட்டையை ஊறவைத்து எடுத்த நீர் அவற்றுக்கு ஏற்றது. அழுக்கு நீக்கும் வலு குறைவு, ஆனால் மென்மை. குழந்தைகளின் இரவு உடைகளில் தீப்பிடிக்காத பூச்சு உள்ளவை சில உண்டு. அவற்றின் சீட்டில் சோப்பு வேண்டாம் என்று போட்டிருந்தால் தயவுசெய்து கேளுங்கள். சோப்புப் படிவு அந்தப் பாதுகாப்பைக் குறைத்துவிடும்.

கேள்வி: வாடகை அறையில் தனியாக இருக்கிறேன். அடுப்பு கிடையாது, இடமும் கிடையாது. சோப்புச் செய்யாமலே செலவைக் குறைக்க வழி இருக்கிறதா அக்கா?
– வேலைக்குப் போகும் இளைஞர்

பதில்: இருக்கிறது தம்பி. நான் சோப்புச் செய்து மிச்சம் பிடித்ததைவிட, அளந்து போடக் கற்றுக்கொண்டு மிச்சம் பிடித்ததுதான் அதிகம் என்று என் நோட்டு சொல்கிறது. நாம் எல்லோருமே கைப்பிடிக் கணக்கில் தூளைக் கொட்டுகிறோம். நுரை பொங்கினால் அழுக்குப் போகிறது என்று நினைக்கிறோம். நுரைக்கும் சுத்தத்துக்கும் அவ்வளவு தொடர்பில்லை. அதிக நுரையை அலச அதிகத் தண்ணீர் ஆவதுதான் மிச்சம்.

இப்போது போடும் அளவை ஒரு நாள் நிறுத்துப் பாருங்கள். அடுத்த வாரம் அதில் பாதி போடுங்கள். சட்டைகளை அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டுக் கழுத்துப்பட்டையையும் அக்குளையும் மட்டும் தனியாகத் தேய்த்துவிடுங்கள். சட்டையில் அழுக்கு சேரும் இடங்கள் அவைதான். தண்ணீர் கடினமானால் ஊறவைக்கும்போதே சிறிது சலவைச் சோடா சேருங்கள். துணி முழுவதும் காய்ந்த பிறகு அக்குள் பகுதியை முகர்ந்து பாருங்கள். ஈரத்தில் பார்த்தால் தெரியாது. வியர்வை வாடை தங்கியிருந்தால் அடுத்த முறை கால் பங்கு கூட்டுங்கள். இல்லையென்றால் அந்தப் பாதியே உங்கள் அளவு. டப்பாவின் மேல் அதை எழுதி ஒட்டிவிடுங்கள்.